அத்தைக்கு விழுந்தது மருந்தா, மாவா?

மாப்பிள்ளை கஜேந்திரன் அவர்களுக்கு,

உடப்புசல்லாவையிலிருந்து மாமனார் மகாலிங்கம் எழுதிக்கொள்வது. நீங்களும் மகள் சுதர்ஷினியும் சுகம்தானே? இங்கே நாங்கள் சுகமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் அத்தை பூரணம் விழுங்குவது பிரஷர் மருந்தா, வெறும் மாவா என்பது உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியுமாம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்களை உங்கள் ஆராய்ச்சியில் சேர்த்தபோது, பழைய மாத்திரையோடு பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரை, யாருக்கு எது என்று குலுக்கிப் போடுவோம் என்றீர்கள். குலுக்கியதை யார் பார்த்தது? பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ரோகினிக்கு ஒரே மாதத்தில் பிரஷர் இறங்கிவிட்டது, பாட்டுப் பாடிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறாள். பூரணமோ நேற்றுக் காலைப் பெரட்டில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நின்றவள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். மாமியாரை மாவுப் பக்கம் தள்ளிவிட்டீர்களோ என்று சந்தேகம். பயமாகவும் இருக்கிறது, மாப்பிள்ளை. அவளுக்கு ஏதாவது ஆனால் எனக்கு யார்?

போனில், "அத்தையும் ரோகினியும் மாத்திரைப் போத்தலை மாத்திக்கிட்டா?" என்று கேட்டேன். "எதைக் குடிச்சாலும் குலுக்கல்ல விழுந்த பக்கத்துலதான் மாமா கணக்கு" என்றீர்கள். நான் முப்பது வருடம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அஞ்சாம் நம்பர் மலையில் எடுத்த கொழுந்தை மூன்றாம் நம்பரில் எழுதியிருந்தால் துரை அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். போதாததற்கு, மாத்திரையைத் தொடாமலே கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்ட லோஜினியின் பேரையும் நீங்கள் வெட்டவில்லை. ஆள் இல்லாமல் பேர் மட்டும் இருந்தால் அந்தச் சம்பளம் யார் பைக்குப் போகும் என்று எனக்கா தெரியாது? "போனவங்கள வெட்டிட்டா மருந்து இருக்கிறதவிட நல்லதாத்தான் தெரியும் மாமா" என்று சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே அத்தையை உடனே மருந்துப் பக்கம் மாற்றவும்.

உங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு ஆசீர்வாதம் அனுப்புகிறேன். ஒன்று உண்மையானது, மற்றது வெறும் வார்த்தை. யாருக்கு எது என்று சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
மகாலிங்கம்

பி.கு.: இதை வாசித்துக் காட்டினால் பூரணம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "நிறுவையில ஒருத்திக்குக் கொழுந்து கொறஞ்சா ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போடுறோம்ல? ஒருத்திக்கு மட்டும் மாவு போகக்கூடாதுன்னு மொத நாளே எல்லாரு மாத்திரையையும் ஒரே சட்டியில கொட்டிக் கலந்து பிரிச்சுக்கிட்டோம்ங்க" என்கிறாள். தலைசுற்றல் வெள்ளிக்கிழமை விரதத்தால் வந்ததாம். என் சந்தேகம் தீர்ந்தது, மாப்பிள்ளை. உங்கள் கணக்கில் இரண்டு பக்கமும் சமமாக வந்தால், தயவுசெய்து மருந்தைக் குறை சொல்லிவிடாதீர்கள்.