வாம்பட் இல்லாமலே இயங்கிய வாம்பட் புரதம்

உலகத்தைத் தாங்கி நிற்பவை இரண்டே. ஒன்று புரதம், மற்றொன்று கூட்டம். இரண்டையும் ஒரே கூரையின் கீழ் தயாரித்து வழங்கும் பெருமை அடிலெய்டில் எங்கள் ஆய்வு நிறுவனத்துக்கு உரியது. புரதம் எப்போதாவது கெட்டுப்போகும். கூட்டம் கெட்டுப்போனதே இல்லை. அந்தக் கூட்டங்களுக்குப் பத்தொன்பது ஆண்டுகளாகக் குறிப்பெழுதி வருபவன் நான்.

எங்கள் புரதத்தின் குணம் உயர்வானது. பாலூட்டியின் செல்லுக்குள் டி.என்.ஏ. எங்காவது அறுந்துவிட்டால், அறுந்த இழையின் மீது அது வரிசையாக ஏறி உட்காரும். அதே எழுத்துகள் கொண்ட இன்னொரு டி.என்.ஏ.வைத் தேடிப் பிடிக்கும். அங்கே பின்னிக் கிடக்கும் இரண்டு இழைகளில் ஒன்றை விலக்கி, தன் இழையை அந்த இடத்தில் பொருத்தும். அதைப் பார்த்து, அறுந்த பகுதி திரும்ப எழுதப்படும். இதற்கு 'இழைப் பரிமாற்றம்' என்று பெயர். இத்தனையையும் அது ஒரு துணைக்குழுகூட அமைக்காமல் செய்துவிடுகிறது என்பதில் எங்கள் இயக்குநர், பேராசிரியர் மரி திரெகன்சாவுக்குச் சற்று வருத்தம் உண்டு.

மனிதப் புரதத்தை உலகமே ஆராய்கிறது. கங்காருவை சிட்னிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். மிச்சமிருந்தது வாம்பட், கங்காருவைப் போலவே வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் விலங்கு. குட்டைக் கால், கனத்த பின்புறம், வளைக்குள் வாழ்க்கை, கனசதுரமாகப் புழுக்கை. எங்கள் மாநிலத்தின் சின்னமும் அதுவே. மரி வாம்பட்டைத் தேர்ந்தெடுத்தார். இதை அவர் 'தொலைநோக்கு' என்பார்.

வாம்பட்டின் மரபணுவை ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்தால், அது வாம்பட் புரதத்தைச் சமைத்துக் கொடுக்கும். சமைத்ததைப் பிரித்தெடுத்துச் சோதிப்பது முனைவர் கெரின் வுயிச்சின் வேலை. அவருடைய ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. அது நீள்வதும் நீளாததும் இந்தப் புரதத்தின் கையில் இருப்பதாக மரி அவருக்குக் கடிதமே கொடுத்திருந்தார். நகல் என் கோப்பில் இருக்கிறது.

புரதம் ஏமாற்றவில்லை. மனிதப் புரதம் ஒரு மணி நேரம் திணறும் வேலையை இது சோதனைக் குழாயில் ஐந்தே நிமிடத்தில் முடித்தது. மரி எழுந்து நின்று கைதட்டினார். செய்தித் தொடர்பு அலுவலர் பெலிண்டா வியாழக்கிழமைக்கு ஒரு விழா, ஓர் அமைச்சர், உயிருள்ள வாம்பட் ஒன்று ஆகியவற்றை ஏற்பாடு செய்தார்.

புதன்கிழமை பத்தரை மணித் தேநீர்க் கூட்டத்தில், தேங்காய்த் துருவல் ஒட்டிய லாமிங்டன் கேக் ஒரு சுற்று வந்து முடிந்ததும் கெரின் வாயைத் திறந்தார்.

"மரி, நேத்து வெறும் பாக்டீரியாவையும் வெச்சு சோதிச்சுப் பாத்தேன்."

"வெறும்னா?"

"வாம்பட் மரபணு போடாதது. மத்ததெல்லாம் அப்படியே. ஒப்பிட்டுப் பாக்கத்தான்."

"சரி, அது சும்மா கெடந்திருக்கும்."

"இல்ல. அதுவும் அஞ்சே நிமிஷத்துல முடிச்சிருச்சு."

மரியின் கேக்கிலிருந்து துருவல் ஒன்று உதிர்ந்து மேசையில் விழுந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம்.

"அப்போ வேலையைச் செஞ்சது யாரு?" என்றார் பெலிண்டா.

"பாக்டீரியாதான். இதே வேலைக்கு அதுக்குன்னு சொந்தமா ஒரு புரதம் இருக்கு. அது நம்ம புரதத்தோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. அந்தப் புரதமே இல்லாத பாக்டீரியா விலைக்குக் கிடைக்குது. வாங்கலாம்னு ஆறு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன்."

மரியின் முகம் சிவந்தது. எங்கள் உறைபெட்டியில் இருப்பது சாதாரண பாக்டீரியா அல்ல. அவர் மாணவராக இருந்தபோது வளர்த்த வம்சம். அதற்கு டாரல் என்று பெயர்.

"நீ டாரலையா சந்தேகப்படுற?"

"சந்தேகமே இல்ல மரி. டாரலேதான்."

"முப்பது வருஷமா என்கூட இருக்கு. என் ரெண்டு கல்யாணத்தையும் தாண்டி இருக்கு!"

"டாரல் நல்லவன்தான். வேலைக்காரன். அதுதான் பிரச்சினையே."

மரி நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்போ வாம்பட் புரதம் என்னதான் பண்ணுது?"

"சுத்தமா தனியாப் பிரிச்சுப் பாத்தேன். ஒண்ணுமே பண்ணல."

"எப்போ சோதிச்ச?"

"மத்தியானம்."

"பாத்தியா! வாம்பட் பகல்ல தூங்கும்மா!"

"அது வாம்பட், மரி. இது புரதம்."

"ரத்தத்துல ஊறினது எங்க போகும்?"

பெலிண்டா தலையில் கைவைத்துக்கொண்டார். "நாளைக்கு வாம்பட் வேற வருது. நான் என்னத்தச் சொல்றது?"

"அதுக்கு ஒரு கேரட் குடு. அது கேள்வி கேக்காது," என்றார் கெரின்.

"அமைச்சருக்கு?"

"அவருக்கும் குடுத்துப் பாரு."

ஆனால் மரி மாமேதை. கண்களை மூடி, திறந்தார். அறிவியல் நகரும் கணத்தை நேரில் பார்த்தேன்.

"நல்லாக் கவனிங்க. இந்தப் புரதம் இருந்தாலும் வேலை நடக்குது. இல்லாட்டியும் நடக்குது. அப்போ இதுக்கு எவ்வளவு செல்வாக்கு!"

'வாம்பட் புரதம் நேரில் வராமலே இயங்க வல்லது' என்று தீர்மானம் நிறைவேறியது. ஆதரவு, கெரினைத் தவிர அனைவரும்.

கெரின் எழுந்தார்.

"இந்த இழைப் பரிமாற்றம் சரியா நடக்காத குடும்பங்கள்லதான் புற்றுநோய் அதிகம் வருது. நாம சொல்றத நம்பி யாராவது அஞ்சு வருஷம் மருந்து தேடுவாங்க. என் வேலை போனா போகட்டும். நான் சொன்னத அப்படியே குறிப்புல எழுதிக்குங்க."

கடைசி வாக்கியம் என்னைப் பார்த்து. நான் தலையசைத்தேன். மரியும் என்னைப் பார்த்தார். அவருக்கும் தலையசைத்தேன். அலுவலகத்தில் கழுத்து வலி சகஜம்.

வியாழக்கிழமை விழா இனிதே நடந்தது. வாம்பட் முழு நேரமும் தூங்கியது. அமைச்சர் அதன் 'தளராத உழைப்பை' பாராட்டினார். மாதக் கடைசியில், ஒப்பந்தம் நீளாது என்று கெரினுக்குக் கடிதம் போனது. காரணம்: 'ஆய்வகத்தில் கலப்படத்தை உண்டாக்கியவர்'. 'கலப்படத்தைக் கண்டுபிடித்தவர்' என்று முதலில் தட்டச்சு செய்திருந்தேன். மரி ஒரு சொல்லை விலக்கி இன்னொன்றை அந்த இடத்தில் பொருத்தினார்.

கெரின் இப்போது முர்ரே ஆற்றோரம் ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்வி.

அடுத்த ஆண்டு பெர்த்தில் ஒரு குழு எங்கள் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்து, எல்லாம் டாரலின் வேலை என்று எழுதிவிட்டது. விசாரணைக் குழு வந்தது. மூன்று பேர், மூன்று கோப்பு. அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "இதை முன்கூட்டியே யாராவது எச்சரிச்சாங்களா?"

மரி யோசித்தார். பெலிண்டா ஜன்னலைப் பார்த்தார். நான் அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தின் குறிப்பேட்டைப் பிரித்துக் காட்டினேன். குழுத் தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: 'நான்காம் பொருள். முனைவர் வுயிச், கருத்து ஏதுமில்லை.'

"எவ்வளவு சுத்தமான குறிப்பு!" என்றார்.

உண்மைதான். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.