இரண்டு சமையலறையும் ஒரே துண்டில்

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு, தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கே யாவரும் நலம். அணைக்கட்டு வேலையிடத்தில் தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் வீட்டு மாடிப்படி விளக்கு, நேற்று மாலை ஐந்தேகால் மணி முதல் கீழ்வீட்டைச் சேர்ந்தது என்று முடிவு செய்யப்பட்டிருக்கிறது. முடிவு செய்தவன் நான். ஆறு நாள் யோசித்தேன். அந்த ஆறு நாளும் படியில் யாரும் விழவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

போன மாதம் தொலைபேசியில் தாங்கள், "வாஷிங் மெஷினாலதான் ஃபியூஸ் போகுதுன்னு கீழ ஒருத்தி, மிக்ஸியாலதான்னு மேல ஒருத்தி. நான் வர்றதுக்குள்ள வயரிங்கை ரெண்டா பிரிச்சு வை. இல்லேன்னா நான் தனி வீடு பார்த்துக்கிட்டுப் போயிடுவேன்" என்று சொன்னீர்கள். இருபது வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு ஒரு ஃபியூஸ் கம்பிக்காகப் பிரிவதா என்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. ஆகவே அலுவலகத்தில் பெரிய மின்வலையைப் பிரிக்கும் கணினி நிரலையே நம் வீட்டுக்கும் ஓட்டினேன். ஒரு மூலையில் கோளாறு வந்தால் மொத்த வலையும் படுத்துவிடாமல் இருக்க, அதை எங்கே வெட்டித் துண்டாக்கலாம் என்று சொல்லும் நிரல் அது. அதற்கு இரண்டே கொள்கை: வெட்டுகிற கம்பிகளில் ஓடும் மின்சாரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும், துண்டுகளின் சுமை ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். நானூறு துணைமின்நிலையங்களைப் பார்த்த நிரலுக்கு நம்முடைய பதினேழு பிளக் ஒரு பொருட்டா? ஒரு வாரம் ஒவ்வொரு கம்பியிலும் அளந்த கணக்கைக் கொடுத்தேன். நான் தும்மி முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது.

மேல்வீடு, கீழ்வீடு என்று பிரிக்கும் என்றுதான் நினைத்தேன். அதுவோ இரண்டு சமையலறை, மாடிக் கூடம், படுக்கையறைகள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக்கிவிட்டது. மற்ற துண்டில் இருப்பது முன்னறை, என் மேசை விளக்கு, தங்கள் ரேடியோ. சுமை சமமாக வேண்டுமே என்று, பின்கட்டில் இருக்கும் வாஷிங் மெஷினையும் தண்ணீர் மோட்டாரையும் நம் இருவர் தலையில் கட்டியிருக்கிறது. யார் யாருக்கு மனைவி என்பது அதற்குத் தெரியாது. நிரலில்தான் பிழை என்று கம்பி கம்பியாகப் பார்த்தேன். வீட்டிலேயே அதிக மின்சாரம் ஓடுவது, மாடிச் சமையலறையிலிருந்து ஜன்னல் வழியாகக் கீழ்ச் சமையலறைக்கு இறங்கும் ஓர் எக்ஸ்டென்ஷன் வயரில். அண்ணி தன் மின்னடுப்பைக் கீழே கொண்டுவந்து இரண்டு மாதமாகிறதாம். கீழே பிளக் போதாததால் மின்சாரம் மட்டும் மேலிருந்து வருகிறது. தட்டு வந்தால் சாப்பிடுகிறவன் நான், இதைக் கவனிக்கவில்லை.

"ரெண்டு பேரும் முகத்தைக்கூடப் பார்க்கிறதில்லைன்னு அண்ணன்கிட்ட சொன்னீங்களே, அண்ணி?" என்றேன்.

"அது அவருக்குச் சொன்னது, தம்பி. மூணு மாசமா 'சாப்பிட்டியா, தூங்கினியா'ங்கிறதைத் தவிர அவருக்குப் பேச்சு வரலை. சண்டைன்னு சொன்னா அரை மணி நேரம் பேசறார்."

"நாளைக்கு எதுக்குச் சண்டைன்னு இன்னும் முடிவு பண்ணலைக்கா" என்றாள் என் மனைவி, வெங்காயத்திலிருந்து தலையை எடுக்காமலே.

எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. ஆனாலும் அண்ணன் உத்தரவு உத்தரவுதான். நிரல் அச்சடித்துக் கொடுத்த வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, படிக்கட்டோடு கோடு போட்டு, மேலே தாங்கள், கீழே நானும் படி விளக்கும் என்று என் கையாலேயே ஒன்று வரைந்துவிட்டேன். எலெக்ட்ரீஷியன் நாளைக் காலை வருகிறார். எல்லாம் தாங்கள் சொன்னபடியே நடக்கும். தனி வீடு பார்க்க வேண்டாம். குளிர்காற்றில் நிற்காமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

என்றும் தங்கள் சொல் தட்டாத,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் எலெக்ட்ரீஷியன் இன்றே வந்துவிட்டார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். மேசையில் இரண்டு வரைபடங்களைப் பார்த்து, "எதும்மா சரியானது?" என்று கேட்டிருக்கிறார். "அச்சடிச்சதுதான். இன்னொண்ணு அவர் சும்மா கிறுக்கினது" என்று அண்ணி சொன்னார்களாம். நான் வெளியே வருவதற்குள் பாதி வேலை ஆகிவிட்டது, மாலைக்குள் முழுதும் முடிந்துவிட்டது. தங்கள் கட்டில், நம் பங்குக்கு வந்த முன்னறையில், என் மேசைக்கு எதிரே போடப்பட்டிருக்கிறது.