கரி எரிக்க ஒரு மச்சினன்

"டாக்டர், உங்க வண்டிக்கு மூச்சு முட்டுது," என்றார் மெக்கானிக்.

பல் டாக்டர் டாஷ்போர்டைப் பார்த்தார். மஞ்சள் விளக்கு ஒன்று அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"டீசல் புகைல வர்ற கரியைப் பிடிக்க ஒரு ஃபில்டர் இருக்கு. நீங்க வீட்டுக்கும் கடைக்குமா உருட்டினா அது அடைச்சுக்கும். ஹைவேல ஏறி, நடுவுல நிறுத்தாம விரட்டுங்க. சூட்டுல கரி தானா எரிஞ்சுடும்."

"விரட்டி எங்க போறது?"

"யார் வீட்டுக்காவது போங்க. உங்களுக்கா ஆளில்ல?"

ஊரில் பாதிப் பேரின் வாய் அவருக்குத் தெரியும். உரிமையோடு படியேற ஒரு வீடு கிடையாது. க்ளினிக்கை மூடியாயிற்று. மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. வெளிநாட்டு மகள் போன் செய்தால் ஒரே பல்லவி: "அந்த ஓட்டை வண்டியை வித்துத் தொலைங்கப்பா. இன்னொரு ரிப்பேர் வந்தா நானே ஆள் பார்த்து வித்துடுவேன்." வண்டியும் போய்விட்டால் வீட்டில் சுவரோடுதான் பேச வேண்டும் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை வண்டியை எடுத்தார். எதிர்வீட்டு ஆடிட்டர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் ஓய்வுபெற்றவர், தனிக்கட்டை.

"என்ன டாக்டர், காலங்காத்தால எங்க பயணம்?"

கரி எரிக்கப் போகிறேன் என்றா சொல்வது? "மச்சினன் வீட்டுக்கு," என்று வாயில் வந்துவிட்டது. அவர் மனைவிக்கு உடன்பிறப்பு என்று ஒரு ஈ காக்கை கிடையாது.

"எந்தப் பக்கம்?"

"ஹைவே பக்கம்."

"அட! என் தங்கச்சி வீடும் அந்தப் பக்கந்தான். போற வழில இறக்கி விட்டுடுங்களேன்."

ஏறிக்கொண்டார். தங்கச்சியின் முழங்கால் வலி, முன்கோபம், அவள் வளர்க்கும் பூனை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். இன்ஜின் சூடாகி, ஃபேன் உறுமி, கரி எரியத் தொடங்கிய நேரத்தில் பெட்ரோல் பங்க் வந்தது.

"இங்கதான், இங்கதான்! நிறுத்துங்க!"

நிறுத்தினார். எரிந்தது அணைந்தது. மஞ்சள் விளக்கு அப்படியே நின்றது. மறுபடி முதலிலிருந்து விரட்டத்தான் வேண்டும். ஆனால் பேச்சு நின்றுபோன வண்டியை ஓட்ட அவருக்கு மனசு வரவில்லை. கொஞ்ச தூரம் போய், வளைவில் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மறுநாளும் ஆடிட்டர் கேட்டில் நின்றார். "மச்சினன் ஊர்ல இல்ல" என்று சொல்லித் தப்பிக்க நினைத்தார் டாக்டர். வாய் தடுமாறி, "உடம்பு சரியில்ல" என்று வந்தது.

"அடடா! அப்ப தினம் போய்ப் பாக்கணுமே," என்று ஆடிட்டர் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

உடம்பு தேறிவிட்டது என்றால், "ரொம்ப சந்தோஷம், நானும் வந்து ஒரு எட்டு பார்க்கிறேன்" என்றார் ஆடிட்டர். பயந்துபோய் டாக்டர் மச்சினனை மறுபடி படுக்கையில் போட்டார். ஒரேயடியாகக் கொன்றுவிடலாமா என்றுகூட யோசித்தார். துக்கம் கேட்க ஆடிட்டர் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவார்.

இப்படித் தினம் ஓடியதில் டீசல் கரைந்தது. டீசலோடு இன்னொன்றும் கரைந்தது. ஒரு காலை இரண்டாவது விளக்கும் எரிந்தது.

"மருந்தும் தீர்ந்துபோச்சு டாக்டர்," என்றார் மெக்கானிக். "கரி சீக்கிரம் எரிய ஒரு திரவம் இருக்கு. டீசல் போடறப்பல்லாம் அதுல கொஞ்சம் தானா கலக்கும். இப்ப ரொப்பிட்டேன். ஆனா ஃபில்டர் கழுத்து வரைக்கும் அடைச்சிருக்கு. நிறுத்தாம ஓட்டச் சொன்னா நடுவுல ஏன் நிறுத்தறீங்க? இன்னொரு தடவை நிறுத்தினீங்கன்னா ஃபில்டர் காலி. அப்புறம் வண்டியை வித்துட வேண்டியதுதான்."

மறுநாள் டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஃபேன் உறுமியது. பங்க் வந்தது.

"டாக்டர், நிறுத்துங்க!"

"முடியாது. திரும்பி வரும்போது உங்க தங்கச்சி வீட்டு வாசல்லயே இறக்கி விடறேன்."

"ஐயய்யோ, வாசலுக்கா? வேணாம் டாக்டர்! அவ கோவக்காரி!"

"பரவால்ல. நான் பேசிக்கறேன்."

"பூனை கடிக்கும்!"

"ஊசி போட்டுக்கலாம்."

ஆடிட்டருக்கு ஏசியிலும் வேர்த்தது. பங்க் பின்னால் போயிற்று. வழக்கமான வளைவும் போயிற்று. திடீரென்று உறுமல் ஓய்ந்தது. மஞ்சள் விளக்கு கண்ணை மூடியது.

"அணைஞ்சுடுச்சு! ஆடிட்டர் சார், அணைஞ்சுடுச்சு!" என்று டாக்டர் ஸ்டியரிங்கைத் தட்டிக் கூத்தாடினார்.

"யாரு, மச்சினனா?" என்று அலறினார் ஆடிட்டர்.

டாக்டர் விளக்கு இருந்த இடத்தையே பார்த்தார். சந்தோஷம் பாதியிலேயே நின்றுவிட்டது. விளக்கு அணைந்துவிட்டால் நாளைக்கு எதற்காக வண்டியை எடுப்பது? பக்கத்து சீட்டில் யார் உட்காருவார்கள்?

திரும்பும் வழியில் டீசல் போட அதே பங்க்கில் நிறுத்தினார். "தங்கச்சி வீடு எந்தத் தெரு?" என்று கேட்டார். ஆடிட்டர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீசல் போடுகிறவர் குழாயும் கையுமாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"தினம் இந்த ஐயா இங்க இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பிப் போவாரு, நீங்களும் அந்த வளைவுல திருப்பிட்டு, அதே பஸ்ஸுக்குப் பின்னாலயே காலி வண்டிய ஓட்டிட்டுப் போவீங்க. இன்னிக்குத்தான் சார், ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போறீங்க!"