அச்சில் ஏறிய பெயர்

இதழில் தன் கவிதை வந்துவிட்டது என்று சக ஊழியர் சொன்னதும் தெய்வசிகாமணிக்குச் சந்தோஷம் வரவில்லை. வியர்த்துவிட்டது.

கவிதை அவர் மனைவி தங்கமணியைப் பற்றியது. போன வருடம் செத்துப் பிறந்த பெண் குழந்தையை, வழக்கப்படி பெயர் வைக்காமல், சடங்கு எதுவும் செய்யாமல் கோமுகி ஆற்றோரம் புதைத்தார்கள். தங்கமணி தனக்குள் அதற்கு அருள்மொழி என்று பெயர் வைத்திருந்தாள். அதை அவரிடம் மட்டும் ஒருமுறை சொல்லி அழுதாள். அவர் அந்த அழுகையையும் பெயரையும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார். எழுதும்போது மனைவியின் ஞாபகம் வந்தது; மனைவியைக் கேட்க வேண்டும் என்ற ஞாபகம்தான் வரவில்லை.

இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது? கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு ஓடினார். பழனியின் பத்திரிகைக் கடையில் தொங்கிய பிரதிகள் எல்லாவற்றையும் கேட்டார்.

"இன்னா சார், எல்லாமேவா? அப்படி இன்னா கீது இதுல?"

"ஒண்ணுமில்லப்பா."

ஒன்றுமில்லை என்றதுதான் தாமதம், பழனி பிரித்துவிட்டான். அது எண்பத்தேழு, இட ஒதுக்கீட்டு மறியல் நடந்த வாரம். ரோடெங்கும் மறியலுக்காக வெட்டிய மரங்கள் சாய்ந்து கிடந்தன. பஸ்ஸும் இல்லை, பேப்பரும் இல்லை. நிலையத்தில் சிக்கிக்கொண்ட கூட்டத்துக்குப் பழனி அவர் பெயர் போட்டிருந்த கவிதையை உரக்கப் படித்தான். கச்சிராயபாளையத்துக்காரர் ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார், இது உங்க வூட்டு சமாச்சாரமா?" என்றான் பழனி.

"சேச்சே! எல்லாம் கற்பனை."

"பேரு கூட வெச்சிக்கிறீங்க?"

"அதுவும் கற்பனைதான். அப்படி ஒரு கொழந்தையே இல்லப்பா."

கூட்டம் கலைந்தது. பஸ் ஓடாத ஊரில் பேச்சு நன்றாகவே ஓடியது. டீக்கடை, சலூன், மாவு மில் என்று வழியெல்லாம் கேட்டார்கள். அவரும் வழியெல்லாம் மறுத்தார். சொல்லச் சொல்ல அவருக்கே தைரியம் வந்தது. மனைவியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தார்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுத் தைலம்மாள் வாசலில் நின்றாள்.

"தங்கமணி எங்கக்கா?"

"மாவு மில்லுக்குப் போயிட்டு வந்துச்சி. மூஞ்சியே சரியில்ல. ஆத்தோரம் போயிருக்குது."

"கவிதையப் பத்தி யாராச்சும் சொல்லிட்டாங்களா? அது பொய்யின்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்க்கா. அவ பயப்பட வாணாம்."



"மறியலுக்கு முன்னியே அந்தப் புஸ்தகம் தபால்ல வந்துடிச்சி, தம்பி. என்னைக் கேக்காம போட்டுட்டாரேன்னு உனக்குத் தெரியாம ஒரு நாள் பூரா அழுதா. அப்புறம் 'எம் பொண்ணு பேரு, பாருக்கா'ன்னு விரல் வெச்சி எங்களுக்குக் காட்டினா. அப்படி ஒரு பொண்ணே இல்லன்னு நீதான் இன்னைக்கு ஊரு பூரா சொல்லிக்கினு வந்துக்கிறே."