தூசி என்று துடைத்த பிரெஞ்சு

பிள்ளைகளா, 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல இருபத்துநாலு வயது வரை உங்கள் அப்பாவுக்குத் தெரியாது. படித்தது பத்தாம் வகுப்பு. அதோடு தமிழ் டைப்பிங்கில் லோயர் பாஸ். (இரண்டாம் தடவையில்தான். அம்மா சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.) தச்சநல்லூர் அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும், முதலாளி அண்ணாச்சியை நச்சரித்து வாசலில் போர்டு எழுத வைத்தேன்: 'உலக மொழிகள் அனைத்தும் அழகுற அச்சிட்டுத் தரப்படும்.' அதுவரை எங்களிடம் அச்சான உலக மொழிகள் இரண்டு. அதில் ஒன்று எனக்குச் சரியாக வராது.

போர்டை நம்பி பாளையங்கோட்டையிலிருந்து எஸ்தர் டீச்சர் வந்துவிட்டார். மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு பிரான்சில் வேலை. அங்கே உள்ளவர்களுக்கு நூறு அழைப்பிதழ் பிரெஞ்சில் வேண்டும். மாப்பிள்ளையின் அண்ணன் சனிக்கிழமை சாயங்கால ரயிலில் கிளம்புகிறார், அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

"முடியும்லா தம்பி?"

"நீங்க போய்க் கல்யாண வேலயப் பாருங்க டீச்சர்" என்றேன்.

அவர் படியிறங்கியதும் அண்ணாச்சி என் காதோரம் வந்தார். "ஏலே, இதுல சொதப்புனேன்னா திங்கக்கிழம உன் நாற்காலில வேற ஆளு இருப்பான், பாத்துக்கோ."

மாப்பிள்ளை கையால் எழுதி அனுப்பிய தாளைப் பிரித்தேன். எழுத்துகளின் தலையில் சாய்ந்த கோடு, தொப்பி, சிலதுக்குக் கீழே வால். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தும் அவை இல்லை. (கடலைத் தோல்தான் விழுந்தது.) கடைசியில் பக்கத்து பிரௌசிங் சென்டர்காரர் ரகசியம் சொன்னார். ஆல்ட் பட்டனை அமுக்கியபடி வலப்பக்க எண்களில் 130 அடித்தால் கோடு போட்ட e வரும். 138 என்றால் கோடு மறுபக்கம் சாயும். 135-க்கு c வால் முளைத்து வரும். மொத்தம் முப்பத்தேழு குறிகள். இரண்டு நாளில் என் இடது கட்டைவிரல் அடித்துப் போட்ட பரோட்டா ஆனது. ஆனால் ஒன்றையும் விடவில்லை. டீச்சர் புரூஃப் பார்த்து, "சுத்தமா இருக்கு தம்பி" என்றார்.

அதோடு நான் வாயை மூடியிருக்கலாம்.

அச்சுக்குப் பிளேட் போட்டு மெஷின் ஓட்டுபவர் செல்லையா அண்ணன். முந்தின வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேர்மேல் தூசி விழுந்து கரும்புள்ளியாகி, சகுனம் சரியில்லை என்று பெண்வீட்டார் வந்து சத்தம் போட்டிருந்தார்கள். அந்த ஞாபகத்தில், டீச்சர் முன்னால் கொஞ்சம் பந்தாவாக, "செல்லையாண்ணே, எழுத்துக்கு மேல ஒரு தூசி தும்பு இருக்கப்பிடாது" என்று சொல்லிவைத்தேன்.

அவர் இருக்க விடவில்லை. பிளேட்டில் அழுக்கை அழிக்க ஒரு மருந்துப் பேனா உண்டு. அதை வைத்து முப்பத்தேழையும் பொறுமையாக அழித்து, நூறு அட்டையும் ஓட்டி முடித்து, சனிக்கிழமை மத்தியானம் சிரித்த முகத்தோடு வந்தார்.

"எம்புட்டுத் தூசிங்க தம்பி! வாலு வச்ச தூசில்லாம் இருந்திச்சி. ஒண்ணயும் விடலியே!"

மறுபடி ஓட்ட அட்டை கிடையாது, சிவகாசியிலிருந்து வர வேண்டும். டீச்சர் வந்தார், பார்த்தார், திட்டவில்லை. (முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர் திட்டாமல் பார்ப்பது இருக்கிறதே!) பையிலிருந்து நாலு கறுப்புப் பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "உக்காருங்க. கையால போடுவோம்."

அப்போதும் என் மூளை சும்மா இருக்கவில்லை. "மொத மாதிரிக் கோடு வண்ணார்பேட்டைப் பக்கமாச் சாயணும், மத்தது பேட்டைப் பக்கமா" என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தேன். (என் வலப்பக்கம் வண்ணார்பேட்டை, இடப்பக்கம் பேட்டை.) அண்ணாச்சி உட்பட நாலு பேரும் குனிந்தோம். நாலு மணிக்கு டீச்சர் செல்லையா அண்ணன் முடித்த அடுக்கிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அத்தனை கோடும் தலைகீழாகச் சாய்ந்திருந்தது. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

"வண்ணார்பேட்ட அங்கனதான இருக்கு?" என்று கையை நீட்டினார். அங்கேதான் இருந்தது. அவர்மேல் என்ன குற்றம் சொல்ல?

அவர் போட்ட பதின்மூன்று அட்டையும் போச்சு. மீதி எண்பத்தேழை மை காய ஊதிக்கொண்டே ஜங்ஷனுக்கு ஓடி, நகரத் தொடங்கிய ரயிலின் ஜன்னல் வழியாகத் திணித்தேன். திங்கட்கிழமை என் நாற்காலி தப்பித்திருந்தது. போர்டு தப்பவில்லை. உப்புத்தாளைக் கொடுத்து என்னையே தேய்க்கச் சொன்னார் அண்ணாச்சி.

எங்கள் கல்யாணத்துக்கு வந்த செல்லையா அண்ணன், பந்தியிலேயே இந்தக் கதையை உங்கள் அம்மாவிடம் ஒப்பித்துவிட்டார். அதன் பலன் பிறகு தெரிந்தது. மலர், நீ பிறந்த அன்று உன்னை என் கையில் கொடுத்தார்கள். கன்னத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. வேட்டி நுனியை நனைத்துப் பைய துடைத்தேன், போகவில்லை. கொஞ்சம் அழுத்தினேன். நீ வீல் என்று கத்தினாய்.

கட்டிலில் கிடந்த உங்கள் அம்மா கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னாள்: "ஏங்க, அத விடுங்க. அது தூசியில்ல, பிரெஞ்சு."

இன்றைக்கும் இந்த வீட்டில் துடைக்க ஒரு துணியைக் கையில் எடுக்க நான் உங்கள் அம்மாவோடு சேர்த்து மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.