ஜிப்புக்குள் இருபத்திரண்டு டிகிரி

மனிதர்களில் குளிர்கால விவசாயி என்று ஒரு வகை உண்டு. வெயில் நாட்களில் இவரை அடையாளம் காண முடியாது. நம்மைப் போலவே ஆபீஸ் போவார், வருவார், மின்கட்டணத்தைப் பார்த்து முனகுவார். வெளியே மரங்களெல்லாம் மொட்டையாகி, குழாயைத் திறந்தால் விரல் விறைத்து, புத்தியுள்ள செடி எதுவும் முளைக்கத் துணியாத நாள் ஒன்று வருமே, அன்றைக்குத்தான் இவருக்கு உள்ளே ஏதோ முளைக்கும். மாலையில் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். மனைவி வாயைத் திறப்பதற்குள், "இது ரொம்ப இடம் அடைக்காது" என்பார். கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் உஷாராக வேண்டும் என்பது அந்த அம்மாளுக்கும் தெரியும். ஆனால் அதற்குள் பெட்டியைப் பிரித்தாகிவிட்டது.

பெட்டிக்குள்ளிருந்து வருவது ஒரு கூடாரம். மலையேறுகிறவர்கள் படுக்கிற கூடாரம் இல்லை. பீரோ உயரத்துக்கு இரும்புக் குழாய்ச் சட்டம், அதன்மேல் கறுப்புத் துணி, உள்பக்கம் முழுக்கக் கண் கூசும் பளபளப்பு, முன்னால் மேலிருந்து கீழ்வரை ஒரு ஜிப். உள்ளே ஒரு விளக்கு தொங்கும், கையகல மின்விசிறி ஒன்று சுற்றும், வெப்பமானி ஒன்று ஒட்டியிருக்கும். இத்தனை ஏற்பாடும் யாருக்கு? ஒரு தட்டில் சின்னச் சின்னக் குழிகள். குழிக்கு இரண்டு தக்காளி விதை. அவ்வளவுதான்.

நான் கேள்விப்பட்டதை வைத்து எழுதவில்லை. இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று எங்கள் மாடியிலேயே, எதிர்க் கதவில் வசிக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துப் பிரிவு. கார் மோதிவிட்டது என்று ஒருவர் கண்ணீர்விட்டுச் சொன்னாலும் நம்பாமல் இருப்பதுதான் அவருடைய உத்தியோகம். அப்பேர்ப்பட்டவர் விதைப் பாக்கெட்டின் மேல் அச்சடித்திருந்த தக்காளிப் படத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பிவிட்டார்.

நம்மவரின் ஒருநாள் எப்படித் தொடங்குகிறது? ஸர்ர்ர் என்ற ஜிப் சத்தத்தோடு. பல் தேய்ப்பதற்கு முன் ஜிப், காபி குடித்ததும் ஜிப், ஆபீசுக்குப் பையை மாட்டிக்கொண்ட பிறகு 'ஒரே நிமிஷம்' என்று திரும்பி வந்து ஒரு ஜிப். தலையையும் தோளையும் உள்ளே நுழைத்துக்கொண்டு, வெளியே முதுகு மட்டும் தெரிய நிற்பார். செடியை உள்ளங்கையால் மெல்ல வருடிக்கொடுப்பார். அப்படிச் செய்தால் தண்டு கெட்டிப்படுமாம். தண்ணீரை மேலே ஊற்ற மாட்டார்; தட்டுக்கு அடியில் விட்டு, தானாக உறிஞ்சட்டும் என்று காத்திருப்பார். முதல் இரண்டு இலைகளை இலை என்று நீங்கள் சொல்லிவிட்டால் முகம் மாறிவிடும். "அது இலை இல்லைங்க. விதையோட பருப்பு. நிஜ இலை இனிமேதான்" என்பார். அந்த நிஜ இலை எட்டிப் பார்த்த அன்று சொந்தக்காரர்கள் அத்தனை பேருடைய கைபேசிக்கும் படம் போயிற்று. படத்தில் எது இலை என்று கேட்டு அவருடைய அக்கா பதில் அனுப்பினார். இருவரும் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் பேசவில்லை.

குழிக்கு இரண்டு முளைத்தால் ஒன்றைக் கிள்ளிவிட வேண்டும் என்பது விதி. இவரும் கத்தரிக்கோலோடு போனார். முதல் குழியைப் பார்த்தார். இது கொஞ்சம் குட்டை, ஆனால் நிறம் நல்ல நிறம். அது நெட்டை, ஆனால் பாவம், இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறது. கத்தரிக்கோல் மறுபடி டிராயருக்குப் போயிற்று. பகலில் எத்தனையோ பேருடைய விண்ணப்பத்தை ஒரே கோட்டில் தள்ளுபடி செய்கிற கை அது.

இதெல்லாம் அவரவர் இஷ்டம், நமக்கென்ன? என்றுதான் நானும் இருந்தேன். சிக்கல் கூடாரத்தில் இல்லை, கூடாரம் நின்ற அறையில் இருந்தது. அது வீட்டின் சின்ன அறை. முழங்கால் ஆபரேஷன் முடிந்து அவருடைய மாமனார் நடமாடும்வரை தங்கப்போகிற அறையும் அதுதான். தவிர, அந்த வீட்டில் இருந்ததே ஒரு ஹீட்டர். அதுவும் கூடாரத்துக்குள் போயிருந்தது.

"என்னங்க, அப்பா வர்றதுக்குள்ள அந்த ரூமைக் காலி பண்ணணும். ஹீட்டரும் அப்பாவுக்கு வேணும்" என்றார் மனைவி.

"பண்ணிடலாம். நிஜ இலை மட்டும் வந்துடட்டும்."

நிஜ இலை வந்தது. "இன்னொரு ஜோடி வந்துடட்டும்" என்றார். இன்னொரு ஜோடியும் வந்தது, அதோடு மாமனாரும் வந்துவிட்டார். கடைசியில் கட்டிலைச் சுவரோரம் தள்ளி, கூடாரத்துக்குப் பின்பக்கம் பெரியவரைப் படுக்க வைத்தார்கள்.

"ஹீட்டர் உள்ள இருந்தா என்ன, சூடு எப்படியும் வெளியதானே வரும்?" என்று நம்மவர் விளக்கம் சொன்னார்.

"அப்ப அப்பாவையும் உள்ள உட்கார வச்சு ஜிப் போட்டுடுங்களேன்."

மனைவி கோபத்தில் சொன்னதுதான். ஆனால் நம்மவர் ஒரு கணம் கூடாரத்தின் அகலத்தைக் கண்ணால் அளந்து பார்த்தாராம்.

மறுநாள் காலை ஜிப் திறந்தது. தலை உள்ளே போயிற்று. வழக்கமான விசாரணை தொடங்கியது.

"ராத்திரி குளிரலையே?"

"இல்ல மாப்பிள்ளை, நல்லாத் தூங்கினேன்" என்றது கூடாரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"தண்ணி வேணுமா?"

"வேணாம், இப்பத்தான் குடிச்சேன்."

"வெளிச்சம்தான் கொஞ்சம் ஜாஸ்தியோ?"

"அதெல்லாம் பழகிடும் மாப்பிள்ளை. நீங்க ஆபீசுக்குக் கிளம்புங்க."

விசிறியின் இரைச்சலில் நம்மவர் காதில் இதில் ஒன்றும் விழவில்லை. செடிகள் நலம் என்று தீர்மானித்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இது தினப்படி நடந்தது.

பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. படுத்த இடத்திலிருந்தே உறவினர்களுக்குப் போன் போட்டார். "என் மாப்பிள்ளை சொக்கத் தங்கம். என் பசங்க ரெண்டு பேரும் போன்ல 'எப்படிப்பா இருக்கீங்க'ன்னு கேட்டுட்டு, நான் சொல்றதுக்குள்ள வச்சிடுவாங்க. இவர் பல்லுகூடத் தேய்க்காம வந்து நிக்கிறாரு. ராத்திரியும் டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுப் போறாரு!" புகழ் பரவியது. அந்தக் குடும்பத்தின் மற்ற மருமகன்களுக்கு அவரவர் வீட்டில் மரியாதை ஒரு படி இறங்கியது. மனைவியின் சித்தப்பா நம்மவரையே போனில் கூப்பிட்டு, "கேள்விப்பட்டோம். இந்தக் குளிர்ல யாரு இப்படிக் கண்ணும் கருத்துமா பார்ப்பாங்க?" என்று நெகிழ்ந்தார். தான் அனுப்பிய இலைப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாராட்டுகிறார் என்று நினைத்து நம்மவரும் அடக்கமாகச் சொன்னார்: "என்ன பண்றது சித்தப்பா, இந்த வயசுல கவனிக்கலைன்னா அவ்வளவுதான்."

உண்மை தெரிந்தவர் மனைவி ஒருவர்தான். ஒருநாள் மாடிப்படியில் என் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார். "சொன்னா, அப்பா இன்னைக்கே பெட்டியைக் கட்டிடுவார். சொல்லாம இருந்தா இவருக்கு நல்ல பேரு. நான் யார் மேல கோபப்படறது, சொல்லுங்க?" குப்பைப் பையோடு நடுவில் மாட்டிக்கொண்ட நான், வழி விடும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மின்சாரம் போயிற்று. அந்தக் குளிர்காலத்திலேயே மோசமான குளிர் அன்றைக்குத்தான். ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே வெள்ளை படர்ந்தது. எங்கள் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. திறந்தால் நம்மவர், முகத்தில் ரத்தமே இல்லாமல் நிற்கிறார்.

"சார், உங்ககிட்ட கம்பளி இருக்குமா? பதினாலுக்கு இறங்கிடுச்சு. இன்னும் இறங்கினா ஒண்ணும் பிழைக்காது."

பெரியவரை நினைத்து நான் பதறிப்போய் இரண்டு கம்பளியோடு அவர் பின்னாலேயே ஓடினேன். அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமையும் மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறவர், வீட்டில் இல்லை. அறைக்குள் நுழைந்ததும், கட்டிலில் சுருண்டிருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். கம்பளியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"எனக்கா மாப்பிள்ளை? எதுக்கு ரெண்டு?"

கையை நீட்டிவிட்டார். நம்மவர் ஒரு கையைக் கூடாரத்தின் ஜிப்பில் வைத்தபடி அப்படியே நின்றார். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஆபீஸில் சிக்கலான விண்ணப்பம் வந்தால் இப்படித்தான் நிற்பார்போலும். பிறகு ஒரு தீர்ப்புக்கு வந்தார். ஒரு கம்பளி கூடாரத்தின்மேல். ஒரு கம்பளி மாமனாரின்மேல். அத்தோடு விட்டிருந்தால் அவரும் நம்மைப் போன்ற சாதாரண மனிதர் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் கூடாரத்தை மறுபடி பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், எது சூடு என்று யோசித்தார். ஜிப்பைத் திறந்து தக்காளித் தட்டை வெளியே எடுத்தார். மாமனாரின் கம்பளியைக் கால்மாட்டில் தூக்கி, இரண்டு காலுக்கும் நடுவில் தட்டைப் பதமாக வைத்து, நாற்றின்மேல் பாரம் விழாமல் கம்பளியைக் கூரைபோலத் தூக்கிக் கட்டினார்.

"மாமா, கரண்டு வர்ற வரைக்கும் காலை மட்டும் அசைக்காம இருங்க."

வைத்தியர் பெரியவரிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தது ஒன்றே ஒன்று: காலை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரியவர் அசையவில்லை. மூக்கு அரித்தபோதுகூட ரொம்ப யோசித்துத்தான் கையை எடுத்தார். மின்சாரம் வந்து, கம்பளியைத் திரும்ப வாங்க நான் போனபோது பொழுது சாய்ந்திருந்தது. மின்சாரத்துக்குப் பின்னாலேயே மகளும் வந்துசேர்ந்தார். அப்பாவின் கம்பளியிலிருந்து தக்காளி நாற்று எட்டிப் பார்ப்பதைக் கண்டார்.

அவர் கணவரைத் திட்டியதை நான் இங்கே எழுதப்போவதில்லை. நியாயமான திட்டு, அவ்வளவுதான் சொல்வேன். நம்மவர் தட்டைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்துக்குத் தப்பிவிட்டார். மகள் அழுதுகொண்டே அப்பாவின் காலை நீவிவிட்டார்.

"விடும்மா. ஒண்ணும் ஆகல" என்றார் பெரியவர். "ஒரு செடிகூடச் சாயல, பார்த்தியா?"

"அப்பா, அவர் உங்களைப் பார்க்க வரலப்பா. ஒருநாளும் உங்களைப் பார்க்க வரல."

"தெரியும்."

மகள் நிமிர்ந்து பார்த்தார். கம்பளியை மடித்துக்கொண்டிருந்த நானும் நிறுத்திவிட்டேன்.

"வந்த ரெண்டாம் நாளே தெரியும்மா. 'இலை வாடியிருக்கே'ன்னு என்னைப் பார்த்தா கேட்பாங்க?" என்று சிரித்தார். "ஆனா காலையில எழுந்ததும் குளிருதா, தண்ணி வேணுமான்னு ஒரு சத்தம் வருதில்ல? உங்க அம்மா போனப்புறம் அதைக் கேட்டே வருஷமாச்சு. யாரைக் கேட்டா என்ன, நான் பதில் சொல்லிக்கிறேன்."

கம்பளியைத் தப்பும் தவறுமாகச் சுருட்டிக்கொண்டு வீடு வந்தேன்.

அன்று இரவே ஹீட்டர் கூடாரத்தை விட்டு வெளியே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மறுநாள் நம்மவர் புத்தம் புது ஹீட்டர் ஒன்றை வாங்கிவந்தார். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அது கூடாரத்துக்கு.

குளிர் விடுவதற்குள் பெரியவரின் கால் சரியாகிவிட்டது. அவருடைய மகன்களில் ஒருவன் வந்து அழைத்துப்போனான். புறப்படுகிற அன்று பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடாரத்தின் முன்பக்கம் வந்து, தன் கையாலேயே ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்தார். நாற்றுகள் குழிக்கு இரண்டாக, ஒல்லியாக, ஒன்றையொன்று நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. "போயிட்டு வர்றேன்" என்று சொல்லி மூடினார். நம்மவர் அருகில் நின்று, ஜிப் முழுக்க மூடியிருக்கிறதா என்று சரிபார்த்தார்.

அடுத்த நாள் காலை நடந்ததை அவர் மனைவிதான் சொன்னார். வழக்கம்போல் ஜிப் திறந்ததாம். தலை உள்ளே போனதாம்.

"ராத்திரி குளிரலையே?"

பதில் இல்லை. விசிறிச் சத்தம் மட்டும். என்னவோ குறைகிறது, என்னவென்று நம்மவருக்குப் பிடிபடவில்லை. மறுபடி கேட்டுப் பார்த்தார். தட்டைத் திருப்பிப் பார்த்தார், தண்டைத் தொட்டுப் பார்த்தார், மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தன. செடிகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டி, உஷ்ணத்தை இருபத்திரண்டிலிருந்து இருபத்துநாலுக்குக் கூட்டி வைத்துவிட்டு ஆபீஸ் போனார்.

சிரிக்கிறீர்கள். என்னிடம் கூடாரமும் இல்லை, தக்காளியும் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். தினமும் துடைத்து வைக்கிற வண்டியோ, விடிந்ததும் விரலால் தட்டிப் பார்க்கிற கைபேசியோ, எழுந்தவுடன் நீங்கள் போய் முதலில் நலம் விசாரிக்கிற ஏதோ ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். விசாரியுங்கள், தப்பில்லை. நாளைக்கு விசாரிக்கும்போது மட்டும் விசிறியை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுக் காது கொடுங்கள். பின்னாலிருந்து யாரோ ஒருவர், "நல்லாத்தான் இருக்கேன்" என்று ரொம்ப நாளாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம்.