கிரிவலப் பாதையில் தூக்கிய கை

தோளில் ஆபரேஷன் செய்துகொண்டவன் காலால் நடக்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? தோள் எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது!

"ஆறு வாரம் வீட்டோட இருங்க" என்றார் டாக்டர். பதினோரு வருடமாக ஒரு பௌர்ணமி தவறாமல் மலை சுற்றியவனிடம், தினமும் வேங்கிக்கால் ஏரிக்கரையில் நடக்கிறவனிடம் சொல்கிற வார்த்தையா இது? வலது கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு குட்டித் தலையணையைச் செருகி, பெல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். வீங்காமல் இருக்க விரல்களை மேலே நிமிர்த்தி வைக்க வேண்டுமாம். (பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி.)

மூன்றாவது வாரம் பௌர்ணமி வந்தது. காலையிலேயே என் மனைவி செல்வி கிளம்பினாள்.

"உங்க தோளுக்காகத்தான் சுத்தப் போறேன். வாசப்படி தாண்டாதீங்க."

என் தோளுக்கு அவள் நடப்பாளாம், நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம்! அவள் கோயிலில் வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நடக்கத் தொடங்குவாள். அதற்குள் சுற்றி முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். சட்டை நுழையவில்லை, தலையணையும் பெல்ட்டும் மறைய ஒரு காவித் துண்டைப் போர்த்திக்கொண்டேன். மூன்று வாரத் தாடி வேறு. (இடது கையால் சவரம் செய்து பாருங்கள், தெரியும்.)

பாதி வழி தாண்டி அடி அண்ணாமலை வரும்போது தோள் விண்விண் என்று தெறித்தது. புளியமரத்தடிக் கல்லில் உட்கார்ந்தேன். ஓர் அம்மாள் தொன்னையில் பொங்கலை வைத்துவிட்டு என் காலைத் தொட்டாள்.

"சாமி, எவ்ளோ வருஷமா கைய எறக்கலீங்க?"

மூன்று வாரம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் புது ஆள் கேள்வி கேட்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

"தொந்தரவு பண்ணாதம்மா. மௌன சாமி" என்றார் பக்கத்தில் நின்றவர்.

பள்ளிக்கூடத்தில் இதே மௌனத்துக்கு முட்டி போட வைத்தார்கள். இங்கே வரிசையில் நின்று பொங்கல் கொடுத்தார்கள். எழுந்து போகலாம் என்றால், எழுவதற்குள் அடுத்த ஆள் காலைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது பழக்கமான பச்சைப் புடவை ஒன்று என் முகத்தைப் பார்க்காமலே குனிந்தது.

"சாமி, எங்க வீட்டுக்காரருக்குத் தோள் ஆபரேஷன். சொன்ன பேச்சே கேக்க மாட்டேன்றாரு. அடங்கி ஒரு இடத்துல உக்காரணும்னு ஆசீர்வாதம் பண்ணுங்க."

காலைத் தொட்ட கை நின்றது. நகம் இல்லாத என் இடது கால் கட்டைவிரலை அவளுக்குத் தெரியாதா? மெல்ல நிமிர்ந்தாள்.

"இன்னாங்க இது?"

"மரியாதையா பேசும்மா. சாமி கோச்சிக்கும்" என்றார் பக்கத்து ஆள்.

"கோச்சிக்கட்டும்! இருபது வருஷமா இந்தச் சாமிக்கு நான்தான் சோறு போடறேன்."

திரும்பிப் போனால் தூரம் ஜாஸ்தி, முன்னால் போனால் கம்மி. ஆகவே மிச்ச வழி முழுக்கத் திட்டிக்கொண்டே என்னை முன்னால் நடக்க வைத்தாள். என் பௌர்ணமிக் கணக்கும் விட்டுப்போகாமல் பிழைத்தது. ஆனால் அதைச் சேர்க்கக் கூடாது என்று இன்றும் சண்டை போடுகிறாள்.

"சாமி எங்கனா கிரிவலம் போவுமா?"

அநியாயம் அதோடு முடியவில்லை. தையல் எல்லாம் ஆறிய பிறகு டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். நெஞ்சு வரை வந்து நின்றுவிட்டது. "போதும் டாக்டர், ஆசீர்வாதம் பண்ற அளவுக்கு வந்துடுச்சு" என்றாள் செல்வி.

இப்போது என் மகள் பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் காலில் விழுகிறாள்.

"கைய மட்டும் தூக்குப்பா. பேசிடாத, பவர் போய்டும்."

தூக்கித் தொலைக்கிறேன். நல்ல மார்க்குதான் வாங்குகிறாள், அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.